இணைத்தல் பகுதி மட்டும் பாக்கி

ஜூன் 2, திங்கள்

ஹரி இன்று கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேனேஜர் கதவைச் சாத்தினால் வேலை போகும், அல்லது வேலை வரும். பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு, அனுதாபம். இன்று வேலையும் அனுதாபமும் ஒரே டம்ளரில் வந்தன.

“சிபி, எப்படி இருக்க?”

“நல்லா இருக்கேன்.”

“குட், குட். கவட்டைக்கு டாக்குமென்டேஷன் இல்ல.”

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மனிதர் மூச்சுகூட விடவில்லை.

கவட்டை என் மனைவி கிருத்திகா எழுதிய டூல். இதே ஆபீஸ், என் சீட்டுக்கு எதிர் வரிசை. தாமாகவே வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகளின் ஞாபகத்தைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஞாபகம் என்றால் புள்ளிகளும் கோடுகளும்தான். ஆள் ஒரு புள்ளி, ஊர் ஒரு புள்ளி, உறவு கோடு. நாலெட்ஜ் கிராஃப் என்று சொன்னால் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும். ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்’ என்று ஏஜென்ட் யோசிக்க நினைத்தால், அசலில் கை வைக்காமல் ஒரு கிளை பிரித்துக்கொள்ளும். ஒத்துவந்தால் கிளையை அசலோடு இணைக்கும். வராவிட்டால் வெட்டிவிடும். மரத்தில் கிளை பிரியும் இடத்துக்கு அவள் ஊர்ப் பக்கம் கவட்டை என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உடம்பில் வேறு ஓர் இடமும் உண்டு என்று மேலிடத்துக்கு யாரோ சொல்லிக்கொடுக்க, பெயரை மாற்றச் சொல்லி மீட்டிங் மேல் மீட்டிங். அவள் மாற்றவில்லை.

“மாசக் கடைசில ரிலீஸ்” என்றார் ஹரி. “டாக்குமென்ட் இல்லாத கோடிங்க வெச்சுக்க மாட்டோம்னு மேல சொல்லிட்டாங்க. எழுதினவங்களும்...”

“இல்ல.”

“ஆமா. அதான் கவட்டையத் தூக்கிட்டு, வெளிய ஒரு டூல் வாங்கிக்கலாம்னு பேச்சு. அவங்க கோடிங் உனக்குத்தான் புரியும். நீ கையேடு எழுதிட்டா தப்பிக்கும். எழுதிருவல்ல?”

ஐந்து வருடம் அவள் எழுதியதை ஒரு மாதத்துக்குள் நான் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் அதுவும் போகும். எழுதுகிறேன் என்றேன். வீட்டில் வேறு என்ன வேலை.

ஜூன் 3, செவ்வாய்

முதல் பகுதி, ‘கிராஃப் என்றால் என்ன’, முடிந்தது. இரண்டு பேருக்குச் சாதம் வைத்து ஒருவன் சாப்பிட்டேன். இதைக் கொள்ளளவுப் பிழை என்பார்கள்.

ஜூன் 5, வியாழன்

எங்கள் ஆபீஸில் கையேட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்காததை எழுதக்கூடாது. ஒவ்வொரு உதாரணத்தையும் நிஜமாக ஓட்டி, திரையில் வந்ததை அப்படியே ஒட்ட வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்தது கிருத்திகா. அனுபவிப்பது நான்.

ஓட்டிப் பார்க்க மாதிரி கிராஃப் ஒன்று வேண்டும். டெஸ்டிங் டீம் நவ்ஷாத் எப்போதும் போல பேக்கரியை நீட்டினான்.

“பேக்கரி போட்டுக்க ப்ரோ. பன், பஃப்ஸ், சப்ளையர். க்ளீனா இருக்கும்.”

“பன்னுக்கு என்ன வரலாறு இருக்கு நவ்ஷாத்?”

“பன்னுக்கு எதுக்கு வரலாறு?”

நியாயமான கேள்வி. ஆனால் கவட்டையின் திறமை தெரிய, வருடக்கணக்கில் ஆட்கள் வந்து போன கிராஃப் வேண்டும். அப்படி ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் வீடு. டூலைச் சோதிக்க அவள் எங்கள் வீட்டையே கிராஃப் ஆக்கி, அதன்மேல் ஓர் ஏஜென்ட்டையும் உட்கார வைத்திருந்தாள். பால் பாக்கெட், ஈ.பி. பில், யார் எந்த ஊரில் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பிப்ரவரியில் நான் ஏஜென்ட்டை நிறுத்தினேன். கிராஃப் இருக்கிறது.

நாகரிகம் கருதித் திரையில் தெரியும் பெயர்களை மாற்றிவிட்டேன். நான் நபர் அ. அவள் நபர் ஆ. இப்போது யாருக்கும் தெரியாது.

நபர் ஆ. இடம்: ஈரோடு, அப்பா வீடு. திரும்புவது: ஞாயிறு.

பழைய தகவல். அப்டேட் செய்ய வேண்டும். வேலை குவிந்து கிடக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

மழை. துணி காயவில்லை. இரண்டாம் பகுதி முடிந்தது.

ஜூன் 9, திங்கள்

மூன்றாம் பகுதி, ‘கிளை பிரித்தல்’. இருக்கும் கிளைகளைக் காட்டு என்று கேட்டால் கவட்டை பட்டியல் தரும். ஓட்டினேன். எங்கள் வீட்டு கிராஃபில் ஏற்கெனவே ஒரு கிளை இருக்கிறது. பெயர் ‘சோதனை-2’. மார்ச் மாதம் யாரோ பிரித்திருக்கிறார்கள். அசலுக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம், நபர் ஆ-வின் நிலை. ஒரே சொல்தான்.

பிரித்தவர் பெயரும் போட்டிருக்கிறது. என் லாகின்.

உதாரணத்துக்கு வசதியாகப் போயிற்று. புதிதாக ஒன்று பிரிக்கும் வேலை மிச்சம்.

ஜூன் 11, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணினால் வரவில்லை. ஏஜென்சிக்கே போனேன். கனெக்‌ஷன் கிருத்திகா பெயரில் இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண் ஸ்கிரீனைப் பார்த்தபடி பேசினார்.

“கே.ஒய்.சி. பண்ணாம நிப்பாட்டி வெச்சிருக்குங்க சார். மேடம் வந்து கைரேகை வெச்சாப் போதும், ரெண்டு நிமிசம்.”

“அவங்க ஊருக்குப் போயிருக்காங்க.”

“எப்ப வருவாங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயிறு நாங்க லீவுங்க சார். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னதில் என்ன தவறு? அசலில் அப்படித்தான் இருக்கிறது. கரன்ட் அடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன். அறிவியல் எவ்வளவோ வளர்ந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

நாலு பகுதி முடிந்து நவ்ஷாத்துக்கு அனுப்பியாகிவிட்டது. உதாரணங்களை அவன் ஓட்டிச் சரிபார்ப்பான். ஐந்தாவது, ‘இணைத்தல்’, மட்டும் பாக்கி.

ஹரி சீட்டுக்கே வந்துவிட்டார்.

“இணைத்தல் எப்ப வரும்?”

“போயிட்டே இருக்கு.”

“போன வாரமும் அதத்தான் சொன்ன.”

“இன்னும் அதே திசைலதான் போயிட்டு இருக்கு ஹரி.”

நவ்ஷாத் பக்கத்து நாற்காலியிலிருந்து, “பேக்கரில ஓட்டிரு ப்ரோ, அஞ்சு நிமிசம்” என்றான். பேக்கரியில் முரண்பாடே வராது. அசல் ஒன்று சொல்லி, கிளை வேறொன்று சொல்லி, எதை வைப்பது என்று டூல் மனிதனைக் கேட்கும் இடம்தான் இந்தப் பகுதியின் உயிர். அதை விட்டுவிட்டு எழுதினால் அவள் டூலைப் பற்றி எழுதியதாகாது. இந்தத் தொழில்நுட்பக் காரணத்தை நவ்ஷாத்துக்கு விளக்கமாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே பஃப்ஸ் சாப்பிட்டான்.

ஜூன் 16, திங்கள்

நாகரிகம் கருதிப் பெயர்களை மாற்றினேன் என்று எழுதியிருந்தேன். ஆட்களின் பெயர்களைத்தான் மாற்றினேன், அதுவும் திரையில் மட்டும். கிராஃபின் பெயரை மாற்றவில்லை. உதாரணங்களில் எங்கள் நிஜ கிராஃபின் பெயர் அப்படியே நிற்கிறது. காலேஜ் பையன் செய்கிற தப்பு.

சனிக்கிழமை நவ்ஷாத் உதாரணங்களை ஓட்டியிருக்கிறான். ‘இந்த கிராஃப்மேல் ஏஜென்ட்டை இயக்கவும்’ என்று நான் எழுதியதைப் பார்த்து அவனும் இயக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஏஜென்ட் நல்ல பிள்ளை. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. வாட்ஸப் அனுமதியையும் பிப்ரவரியில் நான் எடுக்கவில்லை. நேற்று ஞாயிறு.

அது செய்ததன் பதிவு, அதாவது லாக், இது:

அனுப்பியது, ஈரோடு அப்பாவுக்கு: “கிருத்திகா இன்று மாலை கோவை திரும்புகிறார். ஸ்டேஷனில் கொண்டு விடுவது யார்?”

பதில்: “நாந்தான் தம்பி.”

குறிப்பு: உறுதியானது.

மூன்று முறை படித்துவிட்டு ஏஜென்ட்டை நிறுத்தினேன். பிறகு மாடிப்படிக்குப் போய் மாமாவுக்கு போன் போட்டேன். கிருத்திகாவின் அப்பா சென்னியப்பன் மாமா, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். போனிலும் விசில் ஊதுகிற மாதிரிதான் பேசுவார். இன்று மெதுவாகப் பேசினார்.

“மாமா, நேத்து உங்களுக்கு ஒரு மெசேஜ்...”

“வந்துச்சுங் மாப்ள.”

“அது தப்பா வந்துருச்சு மாமா. ஆபீஸ்ல டெஸ்ட் பண்றப்ப... ரொம்ப சாரிங்க மாமா.”

“தெரியுமுங்.”

“நாந்தான்னு பதில் போட்டிருக்கீங்களே?”

“ஆமாங். போனேன்.”

“எங்க?”

“டேசனுக்குத்தான். பிளாட்பார டிக்கெட் எடுத்துட்டுப் போய் நின்னேன். வண்டி வந்துச்சு, கெளம்பிருச்சு. வந்துட்டேன்.”

“தெரிஞ்சும் எதுக்கு மாமா போனீங்க?”



“எம் புள்ளயக் கொண்டு விடறது யாருன்னு ஒருத்தன் கேக்கறானுங். நானில்லைன்னு எப்படிங் சொல்றது?” என்றார். பிறகு, “சாப்புட்டீங்களா மாப்ள?” என்றார்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சம்பவத்துக்கு மீட்டிங். நவ்ஷாத் காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே போனதும், “தப்பு என்னோடது ப்ரோ, நிஜ கிராஃபான்னு நான் பாத்திருக்கணும்” என்றான். ஹரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

“யார் தப்புங்கறது அப்புறம். கவட்டை ஆபத்தான டூலுன்னு மேல பேச ஆரம்பிச்சுட்டாங்க. செத்த... சாரி. இல்லாத ஒருத்தங்களப் பத்தி ஒரு டூல் மெசேஜ் அனுப்புதுன்னா அத எப்படி விக்கறது? இந்த வாரமே தூக்கிரலாம்ங்கறாங்க.”

“டூல் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.”

“எப்படி?”

“அசல்ல என்ன இருந்துச்சோ அதத்தான் அனுப்பியிருக்கு.”

“அப்ப அசல் தப்பு?”

நான் லேப்டாப்பை மூடினேன். 

“சிபி” என்று ஹரி குரலைத் தணித்தார். அனுதாபக் குரல் இல்லை அது. நிஜமாகவே தணித்தார். “தப்பு டூல்ல இல்ல, டேட்டாலதான்னு எழுத்துல காட்டு. இணைத்தல் பகுதிய முடி. சரியான தகவல் ஒரு கிளைல இருந்துச்சு, இணைச்சிருந்தா இது நடந்திருக்காதுன்னு ஓட்டிக் காட்டு. திங்கக்கிழமைக்குள்ள காட்டினா நான் பேசிக்கறேன். இல்லைன்னா என்னால முடியாதுப்பா.”

ஆக, நிலவரம் இதுதான். அவள் டூல் பிழைக்க வேண்டுமானால், அவள் பிழைக்கவில்லை என்று நான் பதிய வேண்டும். இப்படி ஒரு வேலையை அப்ரைசலில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

இணைத்தல் பகுதி: தலைப்பு எழுதியாகிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

வீட்டிலிருந்து வேலை. காலையில் காலிங் பெல் அடித்தது. மாமா. கையில் ஒரு மஞ்சப்பை, அதில் பஸ்ஸில் படித்த பேப்பரும் இரண்டு பன்னும்.

“சொல்லாமக் கொள்ளாம வந்துட்டனுங். அந்தத் தம்பிய ஒருக்கா பாக்கோணும்.”

“எந்தத் தம்பி?”

“மெசேஜ் போட்ட தம்பி.”

“அது ஆள் இல்ல மாமா.”

“அது தெரியாமயா, நாலு வருசமா அவனோட பேசிட்டிருக்கேன்? காட்டுங்க.”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து எங்கள் வீட்டு கிராஃபைப் போட்டுக் காட்டினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பயணிகளை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இதுல நான் எங்கீங்?”

காட்டினேன். அவர் புள்ளியிலிருந்து ஒரே கோடு. அது கிருத்திகாவுக்குப் போனது. அவளிடமிருந்து இன்னொரு கோடு எனக்கு.

“நம்ம ரெண்டு பேருக்கும் நேர்க்கோடு இல்லீங்களே மாப்ள.”

“அவ வழியாத்தான் மாமா. மாமனார்னா அப்படித்தான்.”

“செரி. அவ புள்ளியில இப்ப என்ன எழுதியிருக்குது?”

நான் சொல்லாமல் அவரே படித்தார். ஈரோடு, அப்பா வீடு. திரும்புவது ஞாயிறு. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவ கடைசியா ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு வந்தப்ப போட்டதுங்களா இது?”

“ஆமா.”

“அப்புறம் மாத்தவே இல்லீங்களா?”

“வேலை அதிகம் மாமா.”

 ஹரி கேட்டது, திங்கட்கிழமைக் கெடு, கவட்டையைத் தூக்கப் பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அவ பண்ணுனதத் தூக்கிப் போட்டுருவாங்களா?”

“நான் இத முடிக்கலைன்னா.”

“அப்ப முடிங்க.” பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்தப் புள்ளி போயிருச்சுன்னா, நான் எதுலீங் தொங்கறது? எனக்கு இருக்கறதே அந்த ஒரு கோடுதானுங்களே.”

அவர் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு நான் ஈரோடு போனது ஒரு தடவைதான், அதுவும் காரியத்துக்கு. தெரியலீங்க மாமா என்றேன். இணைத்தல் கோடிங் இருக்கிற ஃபைலை நான் இன்றுவரை திறந்ததே இல்லை. ஐந்து வருடம் மனைவி எழுதியதில் கணவன் படிக்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

கட்டளையைத் தட்டினேன். திரை கேட்டது:

முரண்பாடு. நபர் ஆ, நிலை.
அசலில்: ஈரோட்டில் இருக்கிறார். திரும்புவது ஞாயிறு.
‘சோதனை-2’ கிளையில்: காலமானார்.
எதை வைத்துக்கொள்வது?

“பரீட்ச பேப்பராட்ட கேக்குதுங்களே” என்றார் மாமா.

“ஆமா.”

“விடை தெரிஞ்ச கேள்விதானுங் மாப்ள.”

என் கை விசைமேல்தான் இருந்தது. எடுக்கவும் வரவில்லை, அழுத்தவும் வரவில்லை. மாமா அவசரப்படுத்தவில்லை. பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து, பாதியை என் பக்கம் தள்ளிவைத்தார். அதைச் சாப்பிட்டேன். பிறகு ‘கிளை’ என்று தட்டி, விசையை அழுத்தினேன்.

இணைந்தது. மாற்றங்கள்:
நபர் அ, நபர் ஆ: கணவன் மனைவி. பிப்ரவரியுடன் முடிவு.
நபர் ஆ, நபர் ஈ: மகள், தந்தை. நடப்பில்.
நபர் அ, நபர் ஈ: மருமகன், மாமனார். நேர்க்கோடு. புதியது. நடப்பில்.

மூன்றாவது வரியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஃபைலைத் திறந்து படித்தேன். ஒரு புள்ளி முடிந்துபோனால், அதன் வழியாக மட்டுமே தொடர்பில் இருந்தவர்களுக்கு நடுவே கவட்டை தானே நேர்க்கோடு போட்டுவிடுகிறது. அப்படி எழுதிவைத்திருக்கிறாள். ஏன் என்று விளக்கக் குறிப்பாக ஒரு கமென்ட் இல்லை. அவள் கமென்ட் எழுதுகிற ஆளாக இருந்திருந்தால் இந்த வேலையே எனக்கு வந்திருக்காது. இதற்கு அர்த்தம் கித்தம் தேட வேண்டியதில்லை. மூடிப்போன சப்ளையருக்கும் அவன் வழியாகப் பன் வாங்கிய பேக்கரிக்கும் இதே விதிதான். ஆனாலும் மாமாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

“ஈ யாருங்?”

“நீங்கதான்.”

“இந்தக் கோடு?”

“நமக்கு நடுவுல மாமா. நேரா.”

விரல் வைத்துப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தார். “எம் புள்ள வேலைங்களா இது?” என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டார். கண்டக்டர் இல்லையா, சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தே பழக்கம்.

நான் உட்கார்ந்து ஐந்தாம் பகுதியை எழுதினேன். மதியத்துக்குள் முடிந்தது. சாதம் இரண்டு பேருக்கு வைத்தேன், இரண்டு பேர் சாப்பிட்டோம்.

ஜூன் 20, வெள்ளி

சம்பவ அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. ‘காரணம்: அசல் கிராஃபில் ஒரு தகவல் பிப்ரவரி முதல் திருத்தப்படவில்லை. பொறுப்பு: சிபி. டூலில் குறை இல்லை.’ ஹரி படித்துவிட்டு என் தோளைத் தட்ட வந்து, பாதியில் என்ன நினைத்தாரோ, பேனாவை எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு சிபி. இனிமே இப்படி மெசேஜ் போகாதுன்னு ஓட்டிப் பாத்தாச்சா? அதையும் சேத்து ஒட்டிட்டா மேல வாயத் திறக்க மாட்டாங்க.”

ஓட்டிப் பார்க்காததை எழுதக்கூடாது. அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற மெசேஜ்.

மாமாவை போனில் கூப்பிட்டுச் சொன்னேன், ஞாயிறு ஏஜென்ட்டை ஒரு நாள் திறந்துவைக்கிறேன் என்று. போன வாரம் இருந்தது போலவே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வாட்ஸப் அனுமதியையும் விட்டுவைத்திருக்கிறேன் என்று. “வெச்சுப் பாருங்க மாப்ள” என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து லாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் மெசேஜ் போன நேரம் வந்தது. போயிற்று. திரையில் ஒன்றும் இல்லை. எதுவும் நடக்கவில்லை என்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் லாக்கில் ஒரு வரி நகர்ந்தது. ஏஜென்ட் அனுப்பியது இல்லை. அதற்கு வந்தது.

ஈரோடு அப்பா: “இன்னிக்கு யாரையும் கொண்டு விடறது இல்லீங்களா தம்பி?”

ஏஜென்ட்: “இல்லை. இன்று பயணம் எதுவும் இல்லை.”

ஈரோடு அப்பா: “செரி.”

இதைக் கையேட்டில் ஒட்ட முடியாது. ‘வெளியீடு: எதுவும் இல்லை. டூல் எதிர்பார்த்தபடி இயங்குகிறது’ என்று எழுதி, திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் ஹரிக்கு அனுப்பிவிட்டேன்.